இந்த மாதம் நான் படித்தவை: ஆறு நூல்கள், ஒரு வகுப்பறை

பாடக்குறிப்பு எழுதாத ஆசிரியர் இல்லை. அது தலைமையாசிரியர் மேசைக்குப் போய்க் கையொப்பத்துடன் நம்மிடம் திரும்பி வரும். அதனுடன் இன்னொரு குறிப்பேடும் நம் பையில் இருக்கலாம். அதற்கு யாருடைய கையொப்பமும் தேவையில்லை. சில ஆண்டுகளாக நான் அப்படி ஒரு வாசிப்புக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். மாதம் முழுவதும் படித்த நூல்களைப் பற்றி மாதக் கடைசியில் ஒரே இடத்தில் எழுதி வைப்பேன். நூலின் கதைச் சுருக்கம் அதில் இருக்காது. அந்த நூல் எனக்கு எதைக் காட்டியது, அதைப் படித்தபோது எந்த மாணவரின் முகம் நினைவுக்கு வந்தது என்ற இரண்டு செய்திகள்தான் இருக்கும்.

"இதெல்லாம் பாடத்துக்கு உதவுமா சார்?" என்று உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதிவேடுகள், எமிஸ் பதிவுகள், தேர்வுகள், பயிற்சிகள் எல்லாம் போக மிஞ்சும் நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத நூல்களை ஏன் படிக்க வேண்டும்? இந்த மாதக் குறிப்புகளையே அதற்கு விடையாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நான் பணிபுரியும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளும் சமவெளிக் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆனால் மலைப்பகுதியின் வரலாறு வேறு. 1976 வரை அது ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகுதான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. என் மாணவர்களின் தாத்தா, ஆயாக்கள் பலருக்கு அது நினைவில் இருக்கும் காலம். வகுப்பில் பலர் தம் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள். பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் வேலை தேடி வெளியூர் போகும். அப்போது வகுப்பில் சில இடங்கள் காலியாகும். எந்த நூலைக் கையில் எடுத்தாலும் அந்தக் காலி இடங்கள் என் நினைவில் இருக்கின்றன.

ஒரு மலைப்பள்ளி மாணவர்கள் எழுதிய கடிதம்

இந்த மாதத்தின் முதல் நூல், கல்வி பற்றியது. தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்ற பெயரில் வந்துள்ள இந்த நூலை எழுதியவர்கள் இத்தாலி நாட்டில் பார்பியானா என்னும் சிற்றூரைச் சேர்ந்த எட்டு மாணவர்கள். 1967-ல் வெளிவந்தது.

பார்பியானாவும் ஒரு மலைக் குடியிருப்புதான். ஃப்ளாரன்ஸ் நகருக்கு வடக்கே, டஸ்கனி மலைப்பகுதியில் இருக்கிறது. 1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கு வந்து சேர்ந்தபோது நல்ல சாலையோ மின்சாரமோ இல்லை. சிதறிக் கிடந்த விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வழக்கமான பள்ளிகளில் தோற்று வெளியேறிய பிள்ளைகள் அங்கு வந்தார்கள். பெரியவர்கள் சிறியவர்களுக்குக் கற்பித்தார்கள். செய்தித்தாளைச் சேர்ந்து படித்தார்கள். ஆண்டு முழுவதும், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் பள்ளி நடந்தது. நூல் வெளிவந்த அடுத்த மாதமே, 1967 ஜூனில், மிலானி நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

தங்களைத் தேர்வில் தோற்கச் செய்த ஓர் ஆசிரியைக்கு மாணவர்கள் எழுதும் கடிதமாக நூல் அமைந்திருக்கிறது. படிக்கும் ஆசிரியருக்குச் சில பக்கங்கள் கசக்கும். கோபமான நூல்தான். ஆனால் வெறும் கோபம் இல்லை. எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் நின்றுபோகிறார்கள், அவர்களுடைய பெற்றோர் என்ன வேலை செய்பவர்கள் என்று அரசுப் புள்ளிவிவரங்களை எடுத்து, மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். நின்றுபோகும் பிள்ளைகள் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே அளவில் நின்றுபோவதில்லை என்று காட்டுகிறார்கள். தோற்றவன் மந்தமானவன் என்ற வழக்கமான விளக்கம் அந்த அட்டவணைகளுக்கு முன்னால் நிற்க முடிவதில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது அவர்கள் இந்தக் கடிதத்தை எழுதிய முறை. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு நூலை எப்படி எழுதுவது? மனத்தில் தோன்றுவதை ஒவ்வொருவரும் குறித்து வைக்கிறார்கள். ஒரு கருத்துக்கு ஒரு துண்டுத்தாள், அதுவும் ஒரு பக்கம் மட்டும். பிறகு எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒரே செய்தி இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். ஒத்த கருத்துகளைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிறார்கள். எந்தக் கட்டு முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்துகிறார்கள். எழுதி முடித்ததும் தேவையற்ற சொல், கடினமான சொல், நீளமான தொடர் எல்லாவற்றையும் வெட்டுகிறார்கள். கடைசியில் வெளியாள் ஒருவரைப் படிக்கச் சொல்லி, அவருக்குப் புரியாத இடத்தைத் திருத்துகிறார்கள்.

இதை ஏழாம் வகுப்பில் செய்து பார்த்தேன். தலைப்பு, சாமை. விதைப்பதிலிருந்து சோறாகித் தட்டுக்கு வருவது வரை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பழைய தேர்வுத்தாள்களின் பின்பக்கத்தை வெட்டித் துண்டுகளாகக் கொடுத்தேன். நான்கு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. கட்டுரை எழுதச் சொன்னால் மூன்று வரியில் நிறுத்திவிடும் பிள்ளைகள் பத்துத் துண்டு கொண்டுவந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி மட்டும் பதினான்கு. குத்திய சாமையை எத்தனை முறை புடைக்க வேண்டும், உமி எப்படித் தனியே விழும் என்பதைத் தன் ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தாள். சமவெளிப் பிள்ளைகள் அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். முன்பு அப்படி யாரும் அவளிடம் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அளந்த நூலும் கேட்ட நூலும்

அடுத்த இரண்டு நூல்களையும் சேர்த்துப் படித்தது தற்செயல்தான். சேர்த்துப் படித்ததால்தான் அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு தெரிந்தது.

முதலாவது, எட்கர் தர்ஸ்டன் எழுதிய தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தொகுதிகள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் எழுதி 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இதைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. கல்வராயன் மலையிலும் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் வாழும் மலையாளிகள் பற்றி அதில் ஒரு பகுதி உண்டு. கேரளத்து மலையாளிகளுடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் தோற்றக் கதை. அந்தக் கதையை இந்த நூலும் பதிவு செய்திருக்கிறது. என் வகுப்பில் ஒரு மாணவன் தன் தாத்தா சொன்னதாக அதே கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னான். நூலில் இருப்பதைவிட அவன் கதையில் ஆட்கள் அதிகம், சண்டையும் அதிகம்!

தகவல் களஞ்சியம் என்ற வகையில் இந்த நூலைத் தள்ள முடியாது. ஆனால் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். தர்ஸ்டன் கருவிகளைக் கொண்டு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். அந்த அளவுகளை வைத்து மனிதர்களை வகைப்படுத்தலாம் என்ற அக்கால நம்பிக்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. இவ்வளவு பக்கங்களில் மக்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னது நிறைய இருக்கிறது. அவர்கள் தம்மைப் பற்றிச் சொன்னது குறைவு.

இரண்டாவது, கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி'. விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த இவர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தபடியே 'அஞ்சலை' போன்ற நாவல்களை எழுதியவர். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதி தந்தார். பெருமாள்முருகன் 2000-ல் கொங்கு வட்டாரத்துக்குத் தந்தார். அந்த வரிசையில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மக்களின் பேச்சுக்குக் கிடைத்த அகராதி இது. அகராதியை யாராவது தொடர்ந்து படிப்பார்களா என்று கேட்கலாம். நம் ஊர் அகராதியாக இருந்தால் படிக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் தெரிந்த குரல் கேட்கும்.

இதைப் படித்த பிறகு வகுப்பின் பின்சுவரில் 'எங்கள் சொல்' என்று ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினேன். பாடப்புத்தகத்தில் 'நிலக்கடலை', வீட்டில் 'மல்லாட்டை'. மணிலாக் கொட்டை என்பதுதான் பேச்சில் அப்படி மாறியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் நம் கொல்லையில் விளைகிறது என்று சொன்னதும் வகுப்பே உலக வரைபடத்தின் முன் வந்து நின்றது. அந்த 'கொல்லை'யும் அப்படித்தான். தஞ்சைப் பக்கத்தில் அது வீட்டின் பின்புறம். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலம். 'ஆயா' என்றால் புத்தகத்தில் பள்ளிப் பணியாளர், இங்கே பாட்டி. கேழ்வரகு 'கேவுரு' ஆகும். ஏர் நுழைய முடியாத சரிவைக் கொத்தியே பயிர் செய்யும் நிலத்துக்கு மலைப் பிள்ளைகள் 'கொத்துக்காடு' என்று எழுதினார்கள். வேளாண் முறைகள் பற்றிய பாடத்தில் நான் ஒரு பத்தியில் விளக்க வேண்டியதை அந்த ஒரு சொல் விளக்கிவிட்டது.

தேர்வில் பொதுத் தமிழில் எழுதக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டுச் சொல்லைத் தவறு என்று அடித்துவிட்டுப் புத்தகச் சொல்லைக் கொடுப்பது ஒரு வழி. வீட்டுச் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகச் சொல்லைக் கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

'கூலி' என்ற ஒரு சொல்லுக்குள்

நாவல் வரிசையில் இந்த மாதம் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994-ல் வெளிவந்த இது அவருடைய முதல் நாவல். இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 'செல்லாத பணம்' நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 'கோவேறு கழுதைக'ளை முன்பே படித்திருந்தேன். இம்முறை ஓர் ஆசிரியராகப் படித்தேன்.

ஊரின் காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் வாழ்க்கை இது. வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி எடுக்கிறாள். இரவில் சோறு வாங்கி வருகிறாள். அறுவடையில் களத்து மேட்டில் தனக்குரிய தானியத்துக்காக நிற்கிறாள். பிறப்பிலும் இறப்பிலும் அவளுக்கு வேலை உண்டு. காலம் மாறுகிறது. அவளை நம்பியிருந்த வீடுகள் மெல்ல மெல்ல வேறு வழிகளுக்குப் போகின்றன. வேலை போய்விடுகிறது, அந்த வேலையைச் செய்தவள் மட்டும் அங்கேயே நிற்கிறாள்.

மாணவர் சேர்க்கைப் படிவத்தில் 'பெற்றோர் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் வகுப்பில் முக்கால்வாசிப் படிவங்களில் அதில் 'கூலி' என்று எழுதியிருக்கும். இந்த நாவலைப் படித்து முடித்ததும் அந்தக் கட்டத்தைத்தான் நினைத்தேன். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான நாட்கள் இருக்கின்றன? எந்த மாதத்தில் கையில் காசு இருக்கும், எந்த மாதத்தில் கடன் வாங்குவார்கள், எப்போது ஊரில் இருப்பார்கள்? படிவம் இதையெல்லாம் சொல்லாது.

எனவே வீடுகளுக்குப் போகும்போது இப்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: "எந்த மாசம் என்ன வேலைங்க?" விடைகளை ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டுக் குறிக்கிறேன். ஒரு வீட்டில் கரும்பு வெட்டு, இன்னொரு வீட்டில் மரவள்ளி பிடுங்கல், மலையில் புளியும் கடுக்காயும், வேறொரு வீட்டில் செங்கல் சூளை. இருபது வீட்டுக்கு எழுதியதுமே எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் வராமல் போகக்கூடும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரிந்தது. வராமல் போன பிறகு தேடிப் போவதற்கும், போவதற்கு முன்பே பேசுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பாட்டி வீட்டில் விட்டுப் போக முடியுமா, உண்டு உறைவிடப் பள்ளியிலோ விடுதியிலோ சேர்க்கலாமா, போகும் ஊரில் பக்கத்தில் பள்ளி இருக்கிறதா என்று பேசக் கால அவகாசம் கிடைக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இந்தத் தாளை வைத்தோம். அந்தக் கூட்டத்தில் வழக்கமாகப் பேசாத தாய்மார்கள் அன்று பேசினார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம் அல்லவா!

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இந்த ஆண்டு பொங்கலுக்குப் பிறகு என் வகுப்பிலிருந்து நான்கு பேர் போவதாக இருந்தது. இரண்டு பேர் உறவினர் வீட்டில் தங்கிவிட்டார்கள். ஒருத்தி விடுதியில் சேர்ந்தாள். ஒரு மாணவன் குடும்பத்துடன் போய்விட்டான். அவன் தந்தையிடம் அவ்வப்போது கைபேசியில் பேசுகிறேன். அவனுடைய சாமைத் துண்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

பறவையின் ஊர்ப் பெயர்

இயற்கை எழுத்தில் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். கிருஷ்ணன் (1912–1996), 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை காட்டுயிர் பற்றித் தொடர்ந்து எழுதியவர். நாற்பத்தாறு ஆண்டுகள்!

கட்டுரைகள் சிறியவை. ஒரு பாடவேளையின் இறுதியில் மிஞ்சும் பத்து நிமிடத்தில் ஒன்றை வாசித்துக் காட்டலாம். அவர் தாமே பார்த்ததை எழுதுகிறார். எந்த நேரத்தில், எப்படிப்பட்ட இடத்தில், அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்கிறார். ஆங்கிலப் பெயர்களைத் தேடி ஓடாமல், மக்கள் வழங்கும் பெயர்களைப் பயன்படுத்துகிறார். செம்போத்து, கொண்டலாத்தி, தவிட்டுக்குருவி, கௌதாரி என்ற பெயர்கள் என் மாணவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு வாரம், காலையில் பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த ஓர் உயிரைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும் என்று வைத்தோம். பார்க்காததைச் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் விதி. அறிவியல் ஆசிரியை அந்த வரிகளைத் தம் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார்.

தெரியாததைக் கேட்கப் போன ஆசிரியர்

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பெரிய நூல். இரண்டு மாதமாகத் தொடர்கிறது. 'ஆனந்த விகடன்' இதழில் 1940 முதல் தொடராக வந்தது. 1942-ல் அவர் மறையும்வரை 122 அத்தியாயங்கள் வந்தன. பிறகு 1950-ல் நூலானது. மாணவராக இருந்தவர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதும் பக்கங்களை நம்மில் பலர் அறிவோம். இந்த மாதம் நான் நின்று படித்தது, அவர் ஆசிரியரான பிறகு நடந்ததை.

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேருகிறார். வயது இருபத்தைந்து. அவ்வாண்டே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று இவர் நீண்ட பட்டியல் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. முதலியார் தந்த பிரதியைக் கொண்டு படிக்கத் தொடங்கினால், அது சமண நூல். பல இடங்கள் விளங்கவில்லை. கற்பிக்கும் நிலையில் இருந்த அந்த இளம் ஆசிரியர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெளிகிறார். 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பிக்கிறார். பழைய நூல்களை அவர் தேடிப் போன நெடும் பயணத்துக்கு அது தொடக்கம்.

பட்டியல் நீளமாக இருந்தும் வெளியே எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கேள்வி காட்டிவிட்டது. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்க அவருடைய பதவி தடையாக இல்லை. இது எனக்கு இரண்டு விதத்தில் உதவியது. ஒன்று, சமண சமயம் பற்றிய பாடத்துக்கு இந்த நிகழ்வையே முன்னுரையாக்கினேன். நம் மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டை வட்டம் திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் சமணக் கோயில் இருக்கிறது என்பதைப் பல மாணவர்கள் அன்றுதான் அறிந்தார்கள். இரண்டு, சாமை பற்றி நாங்கள் எழுதிய இரண்டு பக்கத்தைச் சரிபார்க்க ஓர் ஆயாவை வகுப்புக்கு அழைத்தோம். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றார். தரையில் அமர்ந்து கேட்டுவிட்டு மூன்று இடங்களில் திருத்தினார். பார்பியானா மாணவர்கள் சொன்ன 'வெளியாள்' எங்களுக்கு அவர்தான்.

பிள்ளைகளின் நூல்களும் நம் பட்டியலில்

வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நம் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள். மாதம் நான்கைந்தையாவது நான் முழுதாகப் படிக்கிறேன். ஒரு நூலைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். நாம் படிக்காத நூலை நாம் பரிந்துரைக்க முடியாது. "இது நல்லா இருக்கும், எடுத்துப் படி" என்று சொல்வதைவிட, "இதுல அந்த எடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு" என்று சொல்லும்போது பிள்ளை கை நீட்டுகிறது. எட்டாம் வகுப்பில் இருந்தாலும் 'நட' நிலை நூலில் தொடங்க வேண்டிய மாணவர் இருப்பார். அவருக்கு மற்றவர் முன் கூச்சம் வராதபடி, ஆசிரியரும் அதே நூலைக் கையில் வைத்திருப்பது உதவுகிறது.

குறிப்பேடு வைப்பது எப்படி?

நான் பின்பற்றும் முறை எளிது. விரும்புவோர் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நூலுக்கு ஐந்து வரி போதும். நூலின் பெயரும் ஆசிரியரும் முதல் வரி. ஏன் எடுத்தேன் என்பது இரண்டாவது. இதுவரை எனக்குத் தெரியாத ஒரு செய்தி மூன்றாவது. எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் நான்காவது. படித்தபோது நினைவுக்கு வந்த மாணவர் ஐந்தாவது. கடைசி வரியில் பெயரை எழுதாமல் ஓர் அடையாளத்தை மட்டும் எழுதுகிறேன்.

தேர்விலும் சில வரையறைகள் வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு நூலாவது என் பாடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஒன்றாவது நம் வட்டாரத்தைப் பற்றியதாகவோ நம் வட்டாரத்தவர் எழுதியதாகவோ இருக்க வேண்டும். ஒன்று பிள்ளைகளுக்கான நூல். பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிடலாம். ஏன் வைத்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நூல்கள் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. கிளை நூலகம், பள்ளி நூலகம், நண்பர்களின் அலமாரி என்று பல வழிகள் உண்டு. புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது கையில் ஒரு பட்டியல் இருந்தால் செலவு அளவோடு நிற்கும். நேரத்துக்கு நான் நம்பியிருப்பது கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகப் போகும் பேருந்தைத்தான். உட்கார இடம் கிடைத்தால் போக இருபது பக்கம், வர இருபது பக்கம்.

குறுவள மையக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, ஒருவர் ஒரு நூலைப் பற்றிப் பேசலாம். எங்கள் பகுதியில் நான்கு ஆசிரியர்கள் இப்படித் தொடங்கியிருக்கிறோம். கணக்கு ஆசிரியர் ஒரு நாவலைப் பற்றியும் தமிழாசிரியை ஒரு மருத்துவ நூலைப் பற்றியும் பேசினார்கள். அவரவர் பாடத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டிருப்போமா என்று தெரியவில்லை.

பாடத்துக்கு உதவுமா?

இந்த மாத நூல்களில் ஒன்றுகூட என் பாடத்துக்கான துணைநூல் அல்ல. ஒரு பழைய கடிதத்திலிருந்து எழுதும் முறை வந்தது. அகராதியிலிருந்து ஒரு சுவர்த்தாள் வந்தது. நாவலிலிருந்து வீடுகளில் கேட்க ஒரு கேள்வி வந்தது. எந்த நூலிலிருந்து எது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதை மட்டும் படித்திருக்கலாம். அப்படித் தெரியாததால்தான் பலவகை நூல்களைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதத்துக்கு டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்', ராகுல் சாங்கிருத்தியாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது மறுவாசிப்பு. மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. உங்கள் பள்ளியின் பிள்ளைகளை நினைக்க வைத்த நூல் எது என்று சக ஆசிரியர்களிடம் கேளுங்கள். நானும் இந்த மாதக் குறுவள மையக் கூட்டத்தில் அதைத்தான் கேட்கப்போகிறேன்.